பெயரில் நிற்கும் கை

ஓர்வானா கம்பெனி புதிய மேசைக் கணினி வெளியிடப் போகிறது என்றால், அதற்கு இரண்டு மாதம் முன்பே பூங்கோதைக்குச் சோறு இறங்காது. வடபழனியில் மற்ற சேனல்காரர்களுக்கு அது திருவிழாக் காலம். அவளுக்குக் குமட்டல் காலம். 'அடுத்த பெட்டி' என்ற யூடியூப் சேனலுக்கு உரை எழுதுவது அவள் வேலை. இன்னும் வராத கணினியைப் பற்றி, தொட்டுப் பார்த்துவிட்டு வந்தவள் போல எழுத வேண்டும். பெட்டி என்ன நிறம், பின்னால் எத்தனை துளை, விசிறி சத்தம் போடுமா என்று வாரம் மூன்று வீடியோ. இத்தனையும் அவள் எழுதுகிற ஸ்டுடியோக் கணினி தினமும் மதியம் நின்றுபோகும். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டின கதைதான்.

விசிறியோடு நின்றிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். இப்போது பேச்சு 'உள்ளாள்' பற்றி ஆகிவிட்டது.

சேனல் முதலாளி ஆதிகேசவன் கேமரா முன் உட்கார்ந்து அதை விளக்கினால், பழக்கடைக்காரர் மாம்பழத்தை விவரிப்பதுபோல் இருக்கும்.

"முன்னாடி கம்ப்யூட்டருக்குள்ள சிப்பு இருந்துச்சு. இப்ப ஆள் இருக்காங்க, நண்பர்களே. ஆபீஸ் மென்பொருள் எல்லாம் அந்தக் காலத்துது. அதை மாத்த எவனும் தயாரா இல்ல. அதனால ஓர்வானா என்ன பண்ணாங்க? அதுல நல்லா வேலை தெரிஞ்ச ஒரு ஆளைப் பிடிச்சு, தலையில பட்டை மாட்டி, ரெண்டு மூணு வருசம் உட்கார வெச்சு, அவங்க பார்வை, கை, பழக்கம் அத்தனையும் அப்படியே நகல் எடுத்து பெட்டிக்குள்ள போட்டுட்டாங்க. நீங்க பெட்டியை ஆன் பண்ணா போதும். மவுஸை நீங்க தொட வேணாம். உள்ளாள் பார்த்துப்பாங்க."

கீழே கருத்துகள் குவியும். போன மாடலில் இருந்த ஆள் மதியத்துக்கு மேல் மந்தம் என்று ஒருவன். இந்தத் தடவை பொம்பளையாகப் போட்டால் அடக்கமாக வேலை செய்யும் என்று இன்னொருவன். தேய்மானம் உண்டா, லீவு கேட்குமா என்று சிரிப்புப் படங்கள். மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பார்ப்பதற்கு முன் மாட்டைத் தடவிக் கொடுப்பார்கள். இதையெல்லாம் படித்து, அதிலிருந்து அடுத்த வீடியோவுக்குத் தலைப்பு எடுத்துத் தர வேண்டியதும் பூங்கோதைதான். ஒவ்வொரு முறையும் கையைக் கழுவிவிட்டு வருவாள். அது போகிற அழுக்கு இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கிருந்தோ ஒரு சின்ன வீடியோத் துண்டு கசிந்தது. வரப்போகும் ஓர்வானாவின் திரை அது. மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கின்றன. உள்ளாள் வேலை செய்கிறது. ஆனால் ஒவ்வொரு கோப்பைத் திறந்ததும், வேலையைத் தொடங்குமுன், கர்சர் ஒரு விசித்திரம் செய்கிறது. பக்கத்தின் உச்சியில் ஒரு சின்னச் சுழி சுழித்து வலப்பக்கம் ஒரு கோடு இழுக்கிறது. பிறகு மேலே ஒரு தொடல், கீழே ஒரு தொடல், இடம், வலம். அதன்பின்தான் வேலை.

உலகமே மண்டையை உடைத்துக்கொண்டது. அது ரகசியப் பூட்டு என்று ஒரு சேனல். திரையின் நான்கு மூலையையும் அளந்து பார்க்கிறது என்று ஒரு பொறியாளர். கம்பெனியின் புதிய முத்திரை என்று ஒருவர் அதை வரைந்து சட்டையில் அச்சடித்து விற்கவே ஆரம்பித்துவிட்டார்.

பூங்கோதை அதை ஸ்டுடியோவில் நின்றபடி பார்த்தாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அது பிள்ளையார் சுழி. அதற்குப் பிறகு வருவது சிலுவை அடையாளம். சுழி போட்டுவிட்டுச் சிலுவை போடுகிற கை இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அந்தக் கைக்குப் பக்கத்து நாற்காலியில் அவள் எட்டு வருடம் உட்கார்ந்திருந்தாள்.

அது ஜெசிந்தா அக்காவின் கை. பூங்கோதை இந்தச் சேனலுக்கு வருமுன் இருவரும் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பம் சரிபார்க்கும் பிரிவில் இருந்தார்கள். ஜெசிந்தா வேலைக்குச் சேர்ந்த காலத்துத் தலைமை எழுத்தர் சூரியநாராயணன், சுழி போடாமல் ஒரு தாளில் மை படக்கூடாது என்பவர். புதிதாய் வந்த ஜெசிந்தா பயந்துபோய்ச் சுழி போட்டார். போட்ட பாவத்துக்கு உடனே ஒரு சிலுவையும் போட்டுக்கொண்டார். தாள் போய்க் கணினி வந்தது, தலைமை எழுத்தரும் காலமானார். கை மட்டும் மாறவில்லை. மவுஸைப் பிடித்தாலும் சுழி, சிலுவை. "ரெண்டு பேருல யாராச்சும் ஒருத்தர் முழிச்சிட்டு இருப்பாங்கல்ல" என்று சிரிப்பார். பிறகு விண்ணப்பித்தவரின் பெயர் மேல் கர்சரைக் கொஞ்சம் நிறுத்தி, அந்தப் பெயரை உதட்டுக்குள் ஒரு தரம் படிப்பார். அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம்.

விண்ணப்பத்தில் என்ன குறை என்று ஜெசிந்தாவின் கண் பார்த்தவுடனே பிடித்துவிடும். பிடித்தவுடன் கை தொலைபேசிக்குப் போகும். "அம்மா, டாக்டர் சீட்டுல தேதி இல்ல. நாளைக்கே போய்ப் போட்டு வாங்கி அனுப்புங்க, பாஸ் பண்ணிடுறேன்." குறை கண்டுபிடிப்பதே அதைச் சரிசெய்யச் சொல்லத்தான் என்பது அவர் கட்சி.

பூங்கோதை வீடியோத் துண்டை மறுபடி ஓடவிட்டாள். சுழி. சிலுவை. பெயர் மேல் ஒரு சின்ன நிறுத்தம். குறை கண்டுபிடித்தாயிற்று. அடுத்து கை போன இடம் 'நிராகரி' என்ற பொத்தான். அடுத்த கோப்பு. சுழி, சிலுவை, நிராகரி. அடுத்தது. என்ன வேகம் என்று கீழே எல்லாரும் கைதட்டியிருந்தார்கள்.

பூங்கோதை கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

திரும்பி வந்தபோது ஆதிகேசவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கசிந்த செய்தியை விற்றுப் பிழைக்கும் கசிவுத் தொழிலில் இருப்பவர்களுக்கு மூக்கு நீளம். "கோதை, அது என்னன்னு உனக்குத் தெரியும்" என்றார்.

"வயிறு சரியில்ல சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பெரம்பூரில் ஜெசிந்தாவின் வீடு. கதவு திறந்தே இருந்தது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து நெத்திலி சுத்தம் செய்துகொண்டிருந்தார். ஒரு வாரத்துக்கான மீன் இருக்கும்போல. முழங்கை வரை செதில்.

"வாடி கோதை. இத்தனை மீனை யாரு திங்கப் போறான்னு பாக்கிறியா? கை சும்மா இருந்தா அரிக்குது. பக்கத்து வீட்டுக்கெல்லாம் நான்தான் மீன் ஆயுறேன்."

"வேலைக்குப் போகலையாக்கா?"

"போகக் கூடாதே. ஓர்வானாகாரங்க எழுதி வாங்கியிருக்காங்க. அந்த வேலை இப்ப அவங்களோடது. நான் வேற எங்கயும் செய்யக் கூடாது. எதிர்வீட்டு ஆட்டோக்காரரு சம்சாரம் ஆஸ்பத்திரிப் பில்லைத் தூக்கிட்டு வந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்." ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டார். "பரவால்ல விடு. ஊரு பூரா ஒரே நேரத்துல ஆயிரம் ஆபீஸ்ல என் கை வேலை செய்யப் போகுது. நான் ஒருத்தியா எத்தனை பேருக்கு போன் பண்ணியிருப்பேன்? இனிமே ஒருத்தரும் விட்டுப்போக மாட்டாங்க."

பூங்கோதைக்கு இதைக் காட்டாமல் போய்விடலாமா என்று தோன்றியது. ஆனாலும் கைபேசியை நீட்டினாள்.

முதலில் ஜெசிந்தாவின் முகம் மலர்ந்தது. "அட, என் சுழி. பாரு, சிலுவைகூட விடல." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பிள்ளையின் நடனத்தைப் பார்க்கும் தாய்போலக் குனிந்தார். திரையில் ஒரு டயாலிசிஸ் கோப்பு திறந்தது. "டிஸ்சார்ஜ் சீட்டுல ரெண்டாவது பக்கம் இல்ல" என்று அவர் வாய் தானாகச் சொன்னது. "கூப்பிட்டுச் சொல்லு, கொண்டாந்துடுவாங்க." திரையில் இருந்த கை நிராகரித்தது. "இல்ல இல்ல, போன் பண்ணு" என்றார். கை அடுத்ததையும் நிராகரித்தது. அதற்கடுத்தது ஒரு குழந்தையின் கோப்பு. அதற்கும் சிலுவை போட்டுவிட்டுத்தான் நிராகரித்தது.

"என் கண்ணை எடுத்துக்கிட்டாங்க" என்றார் மெதுவாக. "போனை விட்டுட்டாங்க."

எழுந்துபோய்க் குழாயடியில் கை கழுவினார். சோப்பு போட்டுக் கழுவினார். மறுபடி போட்டார். பூங்கோதை போய்க் குழாயை மூடும்வரை நிறுத்தவில்லை.

"அறுக்கிறதுக்கு முன்னாடி ஜெபம் பண்ணுது பாத்தியா. ச்சீ. இதைவிட என் கையை வெட்டி எடுத்துட்டுப் போயிருக்கலாம்." புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "என் பேரைச் சொல்லிடு கோதை."

"என்னக்கா சொல்றீங்க?"

"உன் சேனல்ல சொல்லு. உள்ளாள் யாருன்னு வெளிய தெரியக் கூடாது. அது சட்டம். முன்ன ஒரு தடவை, மெஷின் தங்களை வேலையை விட்டுத் தூக்கிடுச்சுன்னு ஜனங்க அந்த நகலுக்கு உடம்பு குடுத்த ஆளு வீட்டுல போய்க் கல்லெறிஞ்சாங்கள்ல, அப்புறம் போட்டது. இன்னாருன்னு தெரிஞ்சுபோச்சுன்னா அந்த நகலை அழிச்சே ஆகணும். கையெழுத்து வாங்குறப்ப அவங்களே சொன்னாங்க."

"நீங்களா வெளிய விட்டீங்கன்னு உங்க மேல கேஸ் போடுவாங்கக்கா. இனிமே மவுஸைத் தொடவே விடமாட்டாங்க."

"மீன் ஆயத் தெரியும்." ஜெசிந்தா அவள் கையைப் பிடித்தார். ஈரமாக இருந்தது. "ஆனா ஒண்ணு. பேரை மட்டும் சொல்லு. ஜெசிந்தா, பெரம்பூர். அவ்வளவுதான். வேற ஒண்ணும் விளக்காத. கேட்டதுக்கு மேல ஒரு பேப்பர் குடுத்தா, அந்தப் பேப்பர்லதான் ஓட்டை கண்டுபிடிப்பாங்க. எட்டு வருசம் என் பக்கத்துல உக்காந்தவ, உனக்குத் தெரியாததா?"

தெரிந்ததுதான். ஆனால் பூங்கோதை காப்பீட்டு அலுவலகத்தை விட்டு வந்து நாளாகிவிட்டது. கசிவுத் தொழிலில் சட்டம் வேறு: ஆதாரம் காட்டாதவன் பேச்சு காற்று.

"பேரை மட்டும் சொன்னா எவன் நம்புவான்?" என்றார் ஆதிகேசவன், மறுநாள் ஸ்டுடியோவில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. "நேத்துத்தான் ஒருத்தன் அது அவன் மாமான்னு வீடியோ போட்டிருக்கான். நிரூபிக்கணும் கோதை. பிரேம் பிரேமா நிறுத்தி, இது சுழி, இது சிலுவைன்னு காட்டணும். அப்பதான் கம்பெனியால மறுக்க முடியாது."

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அதைவிட அசிங்கம், எழுத உட்கார்ந்ததும் பூங்கோதைக்கு அது பிடித்துப்போனது. உலகமே தேடிய விடை அவளிடம் இருந்தது. சூரியநாராயணனை எழுதினாள், பயந்த புதுப் பெண்ணை எழுதினாள், சுழி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அம்புக்குறி போட்டாள், சிலுவையின் நான்கு தொடலையும் எண் போட்டுக் காட்டினாள். அவள் எழுதியதிலேயே அதுதான் சிறந்த உரை. பெயர் மேல் கை நிற்பதையும் எழுதியிருந்தாள். அதை ஆதிகேசவன் வெட்டிவிட்டார்.

"சும்மா நிக்கிறதை எப்படிக் காட்டுறது? அங்க ஒண்ணுமே நடக்கலையே."

வீடியோ பற்றிக்கொண்டது. நிராகரிப்பைப் பற்றி யாராவது பேசுவார்கள் என்று பூங்கோதை காத்திருந்தாள். பேசினார்கள், வேறு ஒன்றை. சுழி முதலில் வந்ததா சிலுவை முதலில் வந்ததா, யார் சாமியை யார் அவமதித்தது என்று கீழே இரண்டு கூட்டம் அடித்துக்கொண்டது. ஜெசிந்தா மதம் மாறியவரா, மாற்றப்பட்டவரா என்று ஆராய ஒரு தொலைக்காட்சி வண்டி பெரம்பூருக்குப் போய் அவர் வீட்டு வாசலை மறித்து நின்றது. பக்கத்து வீட்டார் யாரும் அதன்பின் அவரிடம் மீன் ஆயக் கொடுக்கவில்லை. டயாலிசிஸ் நோயாளியைப் பற்றிப் பேச ஒரு நாதியும் இல்லை.

இரண்டாவது வாரம் ஓர்வானாவிடமிருந்து அறிவிப்பு வந்தது. ஆதிகேசவன்தான் உரக்கப் படித்தார். உள்ளாளின் அடையாளத்தைக் காட்டிக்கொடுக்கும் பழக்க அசைவுகள் கண்டறியப்பட்டு முழுவதுமாக நீக்கப்பட்டுவிட்டன. இப்போதைய நகலை எந்தத் தனிநபரோடும் பொருத்த இயலாது என்று உள்ளாள் சட்டத்தை மேற்பார்க்கும் அரசு ஆணையமும் சான்றளித்துவிட்டது. எனவே வெளியீடு குறித்த நாளில் நடக்கும். அசைவுகளைத் துல்லியமாகச் சுட்டிக்காட்டிய 'அடுத்த பெட்டி' சேனலுக்கு நன்றி.

நன்றியோடு ஒரு பூங்கொத்தும், விற்பனைக்கு வருமுன்னே ஒரு புதிய ஓர்வானாவும் வந்தன. ஆதிகேசவன் பூங்கொத்தோடு படம் எடுத்துக்கொண்டார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள்; பூங்கோதை வைத்தது அடுத்தவர் செலவில். பேரை மட்டும் சொல்லியிருந்தால், எதை நீக்குவது என்று தெரியாமல் முழுவதையும் அழித்திருப்பார்கள். எந்தத் தையலைப் பிரிக்க வேண்டும் என்று அவள்தான் எண் போட்டுக் காட்டிக்கொடுத்தாள்.

ஜெசிந்தாவுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"சாமியைத் துரத்திட்டுக் கையை வெச்சுக்கிட்டாங்க" என்றார் ஜெசிந்தா. பிறகு, திட்டாமல், பழைய அலுவலகக் குரலில் சொன்னார்: "ஒரு பேப்பர் அதிகமா குடுத்துட்ட, கோதை."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

புதிய ஓர்வானா விற்றுத் தீர்ந்தது. அலுவலகங்கள் சரிபார்க்கும் பிரிவுகளைக் காலி செய்தன. எத்தனை மேசை, அத்தனை பெட்டி, எல்லாவற்றையும் மேற்பார்க்க ஒன்றிரண்டு ஆட்கள். ஒரு மாதம் போனதும் புகார்கள் கிளம்பின. சேனல்காரர்களுக்கு மறுபடி திருவிழா.

"கோதை, இங்க வா" என்று ஒரு காலையில் ஆதிகேசவன் கூப்பிட்டார். ஸ்டுடியோவுக்கு வந்த பெட்டியில் மாதிரிக் கோப்புகளை ஓடவிட்டிருந்தார். "ஒவ்வொரு கோப்பும் திறந்தவுடனே ஒரு நொடி நின்னுடுது பாரு. எல்லா ஊர்லயும் இதே கதை. கம்பெனி தலையைப் பிச்சுக்குது, எங்க தேடினாலும் காரணம் கிடைக்கலையாம்."

"ஒரு நொடிதானே சார்."

"அது பிரச்சனை இல்ல. அந்த ஒரு நொடியில பேரு மட்டும் திரையில பளிச்சுனு நிக்குதாம். மேற்பார்க்கிற ஆளுங்க அதைப் படிச்சுடுறாங்க. படிச்சவங்கள்ல சில பேரு கோப்பை நிறுத்தி வெச்சுட்டு, அந்த ஆளுக்கு போன் பண்ணி என்ன குறைன்னு சொல்லிடுறாங்களாம். காப்பீட்டுக் கம்பெனிங்க கொதிச்சுப்போய் இருக்கு. அடுத்த மாடல்ல சரி பண்ணிடுறோம்னு ஓர்வானா சொல்லியிருக்கு. ஆனா எதைச் சரி பண்றதுன்னுதான் தெரியல."

பூங்கோதை திரையைப் பார்த்தாள். சுழி இல்லை. சிலுவை இல்லை. மொட்டையாக்கப்பட்ட கை கோப்பைத் திறந்தது, நேராகப் பெயருக்குப் போனது, அங்கே நின்றது. அசைவைத்தான் தேடித் தேடி நீக்கியிருந்தார்கள். ஒன்றுமே நடக்காத இடத்தை நீக்க யாருக்கும் தோன்றவில்லை. அதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆதிகேசவன் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "போன தடவை நீதான் கண்டுபிடிச்ச. இதுவும் உனக்குத் தெரியும். சொல்லு, இன்னைக்கே வீடியோ போட்டுடலாம். ஓர்வானா நம்மளைத் தலையில தூக்கி வெச்சுக்கும்."

பூங்கோதை தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் அந்தப் பூங்கொத்து இன்னும் இருந்தது. தண்ணீர் அழுகி நாறியது. அதை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"விசிறி சார்" என்றாள்.

"என்னது?"

"விசிறிதான். இந்த மாடல்ல விசிறி ரொம்பச் சின்னது. கோப்பு திறக்கிறப்ப சூடு ஏறுது, அது ஆறுற வரைக்கும் நின்னு போகுது. நான் முதல்ல இருந்தே சொல்லிட்டு வரேன்."

அவள் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் அதை எழுதினாள். அம்புக்குறி போட்டு, எண் போட்டு, வெப்பத்துக்குச் சிவப்பு வண்ணம் பூசி, இத்தனை வருடத்தில் கற்ற அத்தனை புளுகையும் கொட்டி எழுதினாள். வழக்கம்போல நாக்கில் ஒரு கசப்பு இருந்தது. இருக்கட்டும் என்று எழுதினாள். வாரக் கடைசிக்குள் ஊர் ஊராக ஓர்வானாவைத் திறந்து விசிறியைத் துடைக்கும் வீடியோக்கள் வந்துவிட்டன. பெரிய விசிறி வைத்த அடுத்த மாடல் எப்படி இருக்கும் என்று ஒருவர் படமே வரைந்திருந்தார். கம்பெனியும் விசிறியை ஆராயக் குழு அமைத்ததாகக் கேள்வி.

ஆதிகேசவன் டீ குடிக்கப் போயிருந்தார். ஸ்டுடியோப் பெட்டியில் மாதிரிக் கோப்புகள் ஓடிக்கொண்டே இருந்தன. ஒன்று திறந்தது. கை பெயருக்குப் போய் நின்றது. பூங்கோதை குனிந்து, உதட்டுக்குள், அந்தப் பெயரை ஒரு தரம் படித்தாள்.